எண்ணெயும் கல்லும் ஒலியும்

விழாமலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேன் என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், 2022ஆம் ஆண்டு முதலாக என் மனத்தில் ஒரு கடன் கிடந்து உறுத்துகின்றது. அதனைத் தீர்த்துக்கொள்ள விரும்பியே விஞ்ஞானப் பொருளொன்றை ஈண்டு எடுத்துக்கொண்டேன். தாவர எண்ணெயைக் கல்லின் துணையாலும் ஒலியின் துணையாலும் இயந்திரத்துக்கேற்ற எரிபொருளாக மாற்றுவது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

கடன் பட்ட வரலாற்றை முதலிற் கூறுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இந்நாட்டில் வாழ்ந்தோர் எளிதில் மறவார். எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. பாடசாலை நடைபெற்ற சில நாட்களுள் ஒருநாள், பத்தாம் வகுப்பில் கட்டுரைப் பாடம் நடாத்திக்கொண்டிருந்தேன். மாணவர் ஊக்கங்கொள்ளும் பொருட்டு ஒரு செய்தியைக் கூறினேன். 1900ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலையெண்ணெயால் ஓடிற்று என்பதே அச்செய்தி. நாம் கச்சான் என்று வழங்குவது அந்நிலக்கடலையையே. வகுப்பு வியந்தது, யானும் மகிழ்ந்தேன்.

அவ்வகுப்பில் ஓர் உழவர் மகன் இருந்தான். ஆடி மாதம், புழுதியுழவுக்குக் காலம் நெருங்கியிருந்தது. அவன் தன் மாமனாரின் சாப்பாட்டுக்கடையிற் பொரித்து ஒதுக்கிய எண்ணெயைத் துணியால் வடித்தெடுத்து, எஞ்சியிருந்த சிறிது டீசலோடு கலந்து, தந்தையாரின் இருசில்லு உழவியந்திரத்துள் ஊற்றிவிட்டான். முதல்நாள் இயந்திரம் ஓடிற்று. அடுத்தநாள் கரும்புகை கக்கிற்று. மூன்றாம்நாள் நின்றுவிட்டது. திருத்துவதற்கு வேண்டிய உறுப்பு கிடைப்பதற்குள் உழவுக்காலம் கழிந்தது.

தந்தையார் பாடசாலைக்கு வந்தார். சண்டை பிடிக்க வந்தாரல்லர். "மாஸ்ரர், நீங்கள் சொன்னது பிழையெண்டு சொல்ல நான் வரயில்லை. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவே. அவர் குறிப்பிட்ட அந்த மிச்சம் எனக்கே தெரியாதிருந்தது. பின்னர், எமது கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பரிடம் மாலைவேளைகளிலே மாணாக்கனாக அமர்ந்து அதனைக் கற்றேன். கற்றதை இனிக் கூறுவேன்.

எண்ணெயின் குற்றம் யாது?

டீசல் இயந்திரத்திலே தீப்பொறி இல்லை. உருளையினுள்ளே காற்று மிகுதியாக அமுக்கப்படுகின்றது. அவ்வமுக்கத்தால் அது மிகச் சூடேறுகின்றது. அச்சூடான காற்றினுள்ளே எரிபொருள் நுண்டுளையொன்றன் வழியாகப் பனிபோலத் தூவப்படுகின்றது, உடனே தீப்பற்றுகின்றது. எனவே, எரிபொருளுக்கு வேண்டிய முதற்பண்பு பனிபோலச் சிதறுந்தன்மை ஆகும்.

தேனையும் நீரையும் ஒரே துளையால் ஊதினால் நீர் தூவானமாகும். தேன் சொட்டாகவே விழும். இவ்வேறுபாட்டை விஞ்ஞானிகள் பிசுக்குமை என்பர். தாவர எண்ணெய்களின் பிசுக்குமை டீசலின் பிசுக்குமையிலும் ஏறக்குறையப் பத்துமடங்கு ஆகும். ஆதலின் எண்ணெய் பெருந்துளிகளாக விழுந்து முற்றாக எரியாது கரியாகப் படிகின்றது; நுண்டுளை அடைபடுகின்றது. பலமுறை பொரித்த எண்ணெயில் இக்குற்றம் இன்னும் மிகும்.

அங்ஙனமாயின் 1900ஆம் ஆண்டில் ஓடியது எவ்வாறு? அக்காலத்து இயந்திரம் அமுக்கிய காற்றின் வலிமையால் எண்ணெயை அடித்துச் சிதறச்செய்தது. இக்காலத்து இயந்திரமோ எரிபொருளைத் தன்னந்தனியாக நுண்டுளைவழியே செலுத்துகின்றது. பெயர் ஒன்று, அமைப்பு வேறு. இவ்வொரு வேறுபாட்டை யான் அன்று வகுப்பிற் கூறியிருப்பின், ஓர் உழவியந்திரம் பிழைத்திருக்கும்.

ஒரு முளையில் மூன்று மாடுகள்

இனி, எண்ணெய் இத்துணைத் தடிப்பாக இருப்பதன் காரணத்தைப் பார்ப்போம். எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் கிளிசரோல் என்னும் சிறு பகுதியோடு மூன்று நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள் இணைந்துள்ளன. ஒரே முளையில் மூன்று மாடுகளைக் கட்டிவைத்தாற்போல என்று கொள்க. கயிறுகள் சிக்குண்டு ஒன்றும் எளிதில் நகரமாட்டாது. மூன்றையும் அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு முளை கொடுத்துவிட்டால் அவை இலகுவாக இயங்கும்.

அச்சிறு முளையே மெதனோல் என்னும் அற்ககோல். எண்ணெயின் ஒரு மூலக்கூற்றோடு மெதனோலின் மூன்று மூலக்கூறுகள் தாக்கம் புரிகின்றன. அதனால் மூன்று எசுத்தர் மூலக்கூறுகளும் ஒரு கிளிசரோல் மூலக்கூறும் பிறக்கின்றன. அவ்வெசுத்தரே உயிர்டீசல் எனப்படுவது. நிறைக்கணக்கிற் கூறின், 100 கிலோகிராம் பாமெண்ணெய்க்கு ஏறக்குறைய 11 கிலோகிராம் மெதனோல் செலவாகும்; ஏறக்குறைய 100 கிலோகிராம் உயிர்டீசலும் 11 கிலோகிராம் கிளிசரோலும் கிடைக்கும். செய்முறையில் மெதனோலை இதனினும் மிகுதியாக இட்டு, எஞ்சியதை மீட்டுக்கொள்வர்.

இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. பெல்சிய நாட்டுப் பேராசிரியர் சவான் என்பார் 1937ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அவர் மெதனோலுக்குப் பதிலாக எதனோலைக் கையாண்டார். 1938ஆம் ஆண்டிலே பிரசெல்சு நகருக்கும் லூவெயின் நகருக்கும் இடையே பேருந்தொன்று பாமெண்ணெயிலிருந்து பெற்ற எசுத்தரைக்கொண்டு ஓடிற்று.

தரகரின் பணி

எண்ணெயையும் மெதனோலையும் ஒரே பாத்திரத்தில் இட்டுவைத்தால் தாமாக மாறா. இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்கும். மாற்றத்தை விரைவுபடுத்த மூன்றாவது பொருளொன்று வேண்டும். தான் முடிவில் மாறாது நின்று, பிறவற்றின் மாற்றத்தை விரைவுபடுத்தும் அப்பொருளை ஊக்கி என்பர். கலியாணத் தரகரை ஒப்பிட்டுக் கூறலாம். இருவீட்டாரையும் சேர்த்துவைத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

தொழிற்சாலைகளில் வழங்கும் ஊக்கிகளுள் ஒன்று எரிசோடா அல்லது அதன் இனமான பொற்றாசியமைதரொட்சைட்டு ஆகும். எண்ணெயின் நிறையில் நூற்றுக்கு 1 என்ற அளவிலே அதனை மெதனோலிற் கரைத்து, எண்ணெயோடு சேர்த்து, செல்சியசு 60 பாகையளவில் ஒரு மணிநேரம் கலக்கினாற் போதும். விரைவும் மலிவும் உடைய முறைதான். ஆயினும் ஒரு குறையுண்டு. இத்தரகர் கலியாணம் முடிந்தும் வீட்டைவிட்டுப் போகமாட்டார். எரிசோடா கரைந்துவிடுவதால் அதனை மீளப் பெறவியலாது. அமிலத்தால் நடுநிலையாக்கி, பலமுறை நீரால் எரிபொருளைக் கழுவியே அகற்றல் வேண்டும். அக்கழுவுநீர் சவர்க்காரமும் உப்பும் கலந்த கழிவாக வெளியேறும். நிலத்தடி நீரை நம்பி வாழும் எம் போன்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல் வந்த வரலாறு

கரையாத ஊக்கி ஒன்றிருப்பின் இக்குறை தீரும் அன்றோ? பணி முடிந்தபின் வடித்தெடுத்து மறுபடி இடலாம். இவ்வெண்ணத்தால் விஞ்ஞானிகள் திண்ம ஊக்கிகளை நாடினர். மகனீசியமொட்சைட்டு, தொலமைற்று, சியோலைற்று முதலிய பல ஆராயப்பட்டன. அவற்றுள் எளியது சுடுசுண்ணாம்பு, அஃதாவது கல்சியமொட்சைட்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இப்பொருளை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நாம் நிற்கும் நிலமே சுண்ணாம்புக்கல். அக்கல்லைச் செல்சியசு 900 பாகையளவிற் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுடுசுண்ணாம்பு எஞ்சும். 100 கிலோகிராம் தூய கல்லிலிருந்து 56 கிலோகிராம் சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோகிராம் வாயு போய்விடும். சிப்பி, சங்கு, முட்டையோடு ஆகியவற்றைச் சுட்டாலும் இதே பொருளே கிடைக்கும்.

சுண்ணாம்பின் மேற்பரப்பிலுள்ள ஒட்சிசன், மெதனோலிலிருந்து ஐதரசனைக் கவர்கின்றது. ஐதரசனை இழந்த மெதனோற்பகுதி எண்ணெய் மூலக்கூற்றைத் தாக்கி, சங்கிலியைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. பின்னர் ஐதரசன் கிளிசரோற் பகுதிக்குப் போய்ச்சேர, சுண்ணாம்பு பழையபடி நிற்கின்றது.

சுண்ணாம்புக்கும் குறைகள் உண்டு. வெற்றிலைத் தட்டத்திலே மூடாது விட்ட சுண்ணாம்பு காய்ந்து காரமிழந்து போவதை நம் வீட்டு முதியோர் அறிவர். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து அது மீண்டும் கல்லாகிவிடுகின்றது. ஊக்கியாக வைத்திருக்கும் சுடுசுண்ணாம்புக்கும் அதுவே கதி. காற்றின் ஈரமும் அதனைக் கெடுக்கும். ஆதலின் சுட்டவுடனே காற்றுப்படாது காத்தல் வேண்டும்; கெட்டதை மீண்டும் சுடுதல் வேண்டும். அன்றியும், சிறிதளவு கல்சியம் கரைந்து எரிபொருளோடு போதலும் உண்டு. உயிர்டீசலின் ஒரு கிலோகிராமிலே கல்சியமும் மகனீசியமும் கூடி 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய நியமம்.

எல்லாவற்றினும் பெருங்குறை மந்தம். எண்ணெய் ஒரு பக்கம், மெதனோல் ஒரு பக்கம், கல் அடியில். ஒன்றோடொன்று சேரா மூன்றையும் ஓரிடத்திற் சந்திக்கச் செய்தல் அரிது. அகப்பை போன்ற கருவியாற் கலக்கினால் மணிக்கணக்கிற் செல்லும். இவ்விடத்திலேதான் ஒலி வருகின்றது.

ஒலியின் வலிமை

ஒரு செக்கனில் 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதர் செவி கேளாது. அதற்குக் கழியொலி என்று பெயர். சில பளிங்குகளுக்கு மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவை சுருங்கி விரிந்து அதிரும். அவ்வதிர்வைத் திரவத்துட் செலுத்தலாம். மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் நகைக்கடைகளிலும் பொருள்களைச் சுத்தஞ்செய்யும் சிறு தொட்டிகளை மாணவர் பார்த்திருப்பர். அவற்றில் நிகழ்வதும் இதுவே. வைத்தியசாலையில் வயிற்றினுள்ளே பார்க்கப் பயன்படும் கழியொலியோ செக்கனுக்குப் பல இலட்சம் அதிர்வுகளுக்கு மேற்பட்டது, வலு குறைந்தது, அதனை இதனோடு மயங்கலாகாது.

வலிய கழியொலி திரவத்தினூடே செல்லும்போது திரவம் மாறிமாறி இழுபட்டும் அமுக்கப்பட்டும் வருகின்றது. இழுபடும் கணத்தில் நுண்ணிய குமிழ்கள் பிறக்கின்றன. சில அதிர்வுகளுக்குள் வளர்கின்றன. பின்னர் திடீரென உள்நோக்கி இடிந்து வீழ்கின்றன. கப்பல்களின் சுழல்விசிறிகள் விரைவாகச் சுழலும்போது இத்தகைய குமிழ்கள் தோன்றி, உலோகத்தையே குழிகுழியாக அரித்துவிட்டன. அதன் காரணத்தை ஆராய்ந்த இறேலிப் பிரபு, குமிழ் இடியுங்கால் எழும் பேரமுக்கத்தை 1917ஆம் ஆண்டிலே கணித்துக் காட்டினார். 1927ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர் இறிச்சாட்சு, லூமிசு என்னும் இருவர், கழியொலி இரசாயனத் தாக்கங்களையும் விரைவுபடுத்தும் என்பதனை வெளியிட்டனர்.

இடியும் குமிழினுள்ளே வெப்பநிலை 5,000 பாகையளவுக்கு உயரும் என்று பிற்காலத்தார் அளந்தனர். ஆயினும் அவ்வெப்பம் மிக நுண்ணிய இடத்தில், மிக நுண்ணிய காலத்துக்கே நிற்கும். பாத்திரமோ கைபொறுக்கும் சூட்டுக்குச் சிறிது மேலேயே இருக்கும். நமது தாக்கத்துக்கு உதவுவது அவ்வெப்பத்தினும் குமிழின் அடியே என்க. அது எண்ணெயையும் மெதனோலையும் நுண்டுளிகளாக உடைத்துப் பால்போலக் கலந்துவிடுகின்றது. சுண்ணாம்பின் அருகே இடியும் குமிழ், கல்லை நோக்கி ஊசிபோன்ற தாரையொன்றைப் பாய்ச்சுகின்றது. அத்தாரை கல்லின்மேற் படிந்த கிளிசரோலைக் கழுவிப் புதுமுகம் காட்டச்செய்கின்றது. கல்லையும் சிறிது சிறிதாக உடைத்து மேற்பரப்பைப் பெருக்குகின்றது. உடைந்த தூள் வடிகட்டுதற்கு அரிதாகும் என்பது அதன் மறுபக்கம்.

பினாங்கில் நிகழ்ந்த சோதனை

மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்கும். பினாங்கு மாநிலத்திலுள்ளது அப்பல்கலைக்கழகம். அவர்கள் எடுத்துக்கொண்டது தம் நாட்டுப் பாமெண்ணெய். ஊக்கிகளாகக் கொண்டவை கல்சியம், ஸ்துரோந்தியம், பேரியம் ஆகிய மூன்றன் ஒட்சைட்டுகள். ஒலியின் மீடிறன் செக்கனுக்கு 20,000. சாதாரணமாகக் கலக்கும் முறைக்கும் ஒலிமுறைக்கும் 60 நிமிடத்திற் கிடைத்த விளைவை ஒப்பிட்டனர்.

சாதாரணமாகக் கலக்கியபோது, பேரியம் நூற்றுக்கு 67.3 விளைவு தந்தது, ஸ்துரோந்தியம் 48.2 தந்தது, நமது சுண்ணாம்போ வெறும் 5.5 தந்தது. ஒலியைச் செலுத்தியபோது முதலிரண்டும் 95.2 ஆக உயர்ந்தன. சுண்ணாம்பு 77.3 ஆக உயர்ந்தது. அஃதாவது, எளிய கல்லே ஒலியால் மிகப்பெரும் நன்மை அடைந்தது. பதினான்கு மடங்கு வளர்ந்தது. மறுபடி மறுபடி பயன்படுத்திப் பார்த்தபோதோ, வலிமையில் முதல்நின்ற பேரியமே மிகுதியாகத் தளர்ந்தது. பேரியச் சேர்வைகள் கரைந்தால் நச்சுத்தன்மை உடையன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வெண்களைக் கண்ட அன்று யான் மிக மகிழ்ந்தேன். நமது ஊர்க் கல் வென்றுவிட்டது என்றே எண்ணினேன். நண்பர் சிரித்து, "மிச்சத்தையும் பாரும்," என்றார். அவர் அறிந்து சொன்னாரோ அறியாது சொன்னாரோ, அச்சொல் என்னைச் சுட்டது.

மிச்சக் கணக்கு

ஐரோப்பிய நியமப்படி உயிர்டீசலில் எசுத்தர் நூற்றுக்கு 96.5 இற்குக் குறையலாகாது. 77.3 விளைவு தந்த சுண்ணாம்புமுறை, மேலும் நேரமோ சுத்திகரிப்போ இன்றி அந்நியமத்தை எட்டாது. 5.5 புள்ளி பெற்ற மாணவன் 77.3 பெற்றால் ஆசிரியர் பாராட்டுவர். இயந்திரத்தின் நுண்டுளையோ பாராட்டாது.

இரண்டாவது, பொரித்த எண்ணெயிலே தனித்த கொழுப்பமிலம் மிகுந்திருக்கும். அது சுண்ணாம்போடு சேர்ந்து சவர்க்காரமாகி, ஊக்கியைத் தின்றுவிடும். முதலில் அவ்வமிலத்தை வேறு முறையால் எசுத்தராக்கி நீக்குதல் வேண்டும். துணியால் வடித்தல் போதாது.

மூன்றாவது, மெதனோல் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் கண்பார்வையைக் கெடுக்கும், உயிரையும் போக்கும். செல்சியசு 64.7 பாகையிற் கொதிக்கும். அதன் ஆவி எளிதிற் தீப்பற்றும். அத்தீ பகலிற் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. ஆதலின் மாணவர் எவரும் இதனை வீட்டிற் செய்துபார்க்கத் துணியலாகாது. ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்.

நான்காவது, ஒலி மின்சாரத்தால் வருகின்றது. மெதனோல் பெரும்பாலும் இயற்கைவாயுவிலிருந்து செய்யப்படுகின்றது. சுண்ணாம்பைச் சுட விறகோ நிலக்கரியோ வேண்டும். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதுண்டு. அந்நாளில் இம்முறை நம்மைக் காத்திருக்கமாட்டாது. உண்ணும் எண்ணெயை எரிபொருளாக்கினால் அடுக்களைக்கு எண்ணெய் எங்கே என்ற வினாவும் எழும். இந்தோனேசியா 2025ஆம் ஆண்டில் டீசலோடு நூற்றுக்கு 40 பங்கு பாமெண்ணெய் எசுத்தரைக் கலக்க விதித்தது. அத்தேசத்துக்குப் பரந்த பாமெண்ணெய்த் தோட்டங்கள் உண்டு. அவற்றுக்காக அழிந்த காடுகளும் உண்டு. நமக்கு ஏற்றது, உணவுக்கு உதவாது கழியும் எண்ணெயைச் சேர்த்துப் பயன்படுத்தலே. அது நாட்டின் பசியைத் தீர்க்காது. ஒரு சந்தையின் பாரவண்டி சிலவற்றை ஓட்டும். வாய்க்காலில் ஊற்றப்படும் எண்ணெயை மீட்கும். அவ்வளவே எனினும் அது சிறிதன்று.

இக்கணக்கைக் கண்டு மாணவர் ஊக்கம் இழக்கவேண்டா. சுண்ணாம்பின் மந்தத்தைத் தீர்த்தல், கரைந்து போதலைத் தடுத்தல், குறைந்த மின்சாரத்தாற் குமிழ்களை எழுப்புதல் ஆகிய மூன்றும் இன்னும் முற்றாகத் தீராத வினாக்கள். கல் நம் காலடியிற் கிடக்கின்றது. பழைய மாணவருள் பொறியியலாளரும் இரசாயன அறிஞரும் உலகின் பல திசைகளிலும் உள்ளனர். அவர்கள் ஊருக்கு வரும்போது எமது ஆய்வுகூடத்தில் ஒரு மாலைப்பொழுது நின்று, இவ்வினாக்களை மாணவர்க்குக் காட்டிச் செல்வார்களாயின், விழாவுக்கு அளிக்கும் நன்கொடைகளுள் அதுவும் ஒன்றாகும்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை மலர்க்குழுவிடம் கொடுக்குமுன், அவ்வுழவர் வீட்டுக்குக் கொண்டுசென்றேன். அவர் மகன் இப்போது பாடசாலையை விட்டுவிட்டான். தொழினுட்பக் கல்லூரியில் இயந்திரத் திருத்தம் பயில்கின்றான். அவனே உரக்க வாசித்தான். தந்தையார் திண்ணையில் இருந்து இறுதிவரை கேட்டார். கேட்டபின், "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காது நிறுத்தி, எனக்குத் தேநீர் கொண்டுவரும்படி மகனிடம் கூறினார்.